சாடி

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பக்கத்துக் கடையில் பழுப்பு மெருகிட்ட சாடி ஒன்று வாங்கினேன். "ஊறுகாய்க்குத்தானே சார்?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் இது. இங்கே சாடி என்றால் ஊறுகாய்தான். பெரும்பாணாற்றுப்படையில் இதே சொல் வரும்போது உள்ளே இருப்பது வேறு.

காஞ்சிக்குப் போகும் பாணனுக்கு வழியில், வலைஞர் குடியிருப்பில் என்ன கிடைக்கும் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்லும் இடம். குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். வாயகன்ற பிழாவில் அதை ஆற்றுகிறார்கள். பிறகு 'நல்லடை' கலக்கிறார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு சாடியில் விளைய விடுகிறார்கள். விரலால் அலைத்து அரித்து, சுட்ட மீனோடு தருகிறார்கள். நல்லடை என்பது இடித்த நெல்முளை என்று நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை இந்த உரையோடு பதிப்பித்தார். அதன் பிறகும் இந்த இடத்தை நம் சரித்திரக்காரர்கள் 'பழந்தமிழர் கள்ளுண்டனர்' என்ற ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். அது பெருமையாகவோ வெட்கமாகவோ சொல்லப்படுகிறது. இரண்டுமே எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது.

இது கள் அல்ல, பீர். வித்தியாசம் சொல்லில் இல்லை, மூலப்பொருளில் இருக்கிறது. பனஞ்சாற்றில் சர்க்கரை தயாராக இருக்கிறது. இறக்கின சில மணி நேரத்தில் தானே புளிக்கும். மலைநிலத்தில் மூங்கில் குழாயில் விளையவைத்த தேறலுக்குத் தேன் அந்தச் சர்க்கரையைத் தந்தது. அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. அதை நொதி தின்னாது. முதலில் சர்க்கரையாக வேண்டும். அதைச் செய்வது முளைவிடும் தானியத்தில் சுரக்கும் என்சைம். ஐரோப்பாவில் பார்லி முளை செய்கிற வேலையை இங்கே நெல்முளை செய்தது. கொதிக்கிற களியில் முளைமாவைக் கொட்டினால் அந்தச் சக்தி அழிந்துவிடும். அதனால்தான் ஆற்றுகிறார்கள். அந்த ஆற்றுதலைச் செய்த கை வேதியியல் படித்ததில்லை, ஆனால் அறிந்திருந்தது. புலவனும் அதை விடாமல் குறித்திருக்கிறான்.

பவேரியாவில் 1516இல் பீருக்கு ஒரு சட்டம் வந்தது: பார்லி, ஹாப்ஸ், நீர் தவிர வேறொன்றும் சேர்க்கக்கூடாது. அதில் ஈஸ்ட் இல்லை. உருத்திரங்கண்ணனாரிடமும் இல்லை. பாஸ்டரின் பீர் பற்றிய நூல் 1876இல்தான் வருகிறது. மண்கலத்தின் நுண்துளைகளில் முந்தின காய்ச்சலின் மிச்சம் தங்கியிருக்கும். அதுவே அடுத்ததைப் புளிக்க வைத்திருக்கலாம். நான் வாங்கிய மெருகிட்ட சாடியைக் கழுவினால் எதுவும் மிஞ்சாது. ஊறுகாய்க்கு அது நல்லது. ஹாப்ஸ் இல்லாததால் இந்த நெற்கள் சில நாளில் காடியாகியிருக்கும். ஆகவே வீட்டுக்கும் விருந்தாளிக்கும்தான். தூரத்துச் சந்தைக்கு அல்ல.

பழைய நூல்கள் கள்ளுக்கும் சோற்றுக்கும் 'அடுதல்' என்ற ஒரே வினையைப் பயன்படுத்துகின்றன. இரண்டும் அடுப்படி வேலை. 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டத்துக்குப் பிறகு மது அடுப்படியை விட்டு உரிமத்துக்கும் ஏலத்துக்கும் போயிற்று. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1987இல் கள் தடையாயிற்று. 2003இலிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசம். பிரிட்டனில் 1963இலும் அமெரிக்காவில் 1978இலும் வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் வழிவிட்டது. இங்கே அது குற்றம். சென்னைக் குப்பங்களில் சோற்றைப் புளிக்கவைக்கும் சுண்டக்கஞ்சி போலீசுக்கு ஒளிந்து வாழ்கிறது. வலைஞர் குடியிருப்பில்தான் அதுவும் என்பது யோசிக்கத்தக்கது.

குடிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. என் பெரியப்பா சாராயத்தால் போனவர். ஆனால் 2024 ஜூனில், விருத்தாசலத்திலிருந்து அதிக தூரமில்லாத கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது நெல்முளையாலோ பனஞ்சாற்றாலோ அல்ல. மெத்தனால், தொழிற்சாலை ரசாயனம். குடித்தவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது, விற்றவன் சொல்லவுமில்லை. பாணனுக்குத் தன் கலத்தில் அரிசி எது, முளை எது, எத்தனை இரவு என்று தெரிந்திருந்தது. இந்த இரண்டு குடிக்கும் நடுவே நாம் தொலைத்தது ஒழுக்கமல்ல, பொருளறிவு. ஒழுக்கத்தைப் பற்றியே இரு தரப்பும் பேசிக்கொண்டிருப்பதால் தொலைந்தது இன்னதென்று தெரியாமலே போயிற்று.

முளைகட்டும் வித்தை மட்டும் அடுப்படியை விட்டுப் போகவில்லை. கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி வைக்கிறார்கள். என் மனைவியும் அப்படித்தான் வைத்தாள். அது நல்லடைதான் என்று சொன்னேன். "குழந்தை சாப்பாட்டைப் போய்!" என்று கோபித்துக்கொண்டாள்.

சாடியில் இப்போது எலுமிச்சை ஊறுகிறது.