மேக்னாகட் எஃகு

மேக்னாகட் என்பது கத்தி செய்வதற்கென்றே உருவாக்கப்பட்ட துருவேறா எஃகு. அமெரிக்க உலோகவியலாளர் லாரின் தாமஸ் இதன் கலவையை வகுத்தார். நியூயார்க் மாநிலத்தில் இயங்கிய குரூசிபிள் இண்டஸ்ட்ரீஸ் ஆலை இதைத் தூள் உலோகவியல் முறையில் தயாரித்தது. 2021-இல் விற்பனைக்கு வந்தது.

பின்னணி

கத்திக்குப் பயன்படும் எஃகுகளில் பல, வேறு தொழில்களுக்காகப் பிறந்தவை. 154சிஎம் ஜெட் எஞ்சின் பேரிங்குகளுக்கும், டி2 உலோகத்தை வெட்டி வடிவமைக்கும் அச்சுகளுக்கும், எம்390 பிளாஸ்டிக் வார்ப்பு எந்திரங்களுக்கும் உருவானவை. கத்தியை மனத்தில் வைத்து குரூசிபிள் 2001-இல் எஸ்30வி எஃகைக் கொண்டுவந்தது. மேக்னாகட் அந்த வழியில் வந்தது.

வடிவமைப்பு

எஃகில் கரைந்து நிற்கும் குரோமியமே துருவைத் தடுக்கிறது. கார்பனோடு சேர்ந்து கார்பைடாக மாறிய குரோமியத்தால் அந்தப் பயன் இல்லை. பருத்த கார்பைடு துகள்கள் கத்தியின் கூர்விளிம்பு சில்லாகப் பெயரவும் இடம்தரும். டி2 எஃகில் சுமார் 12 விழுக்காடு குரோமியம் இருந்தும் அது துருப்பிடிப்பது, அதில் ஒரு பகுதி கார்பைடாகிவிடுவதால்தான்.

மேக்னாகட்டில் குரோமியம் 10.7 விழுக்காடு மட்டுமே. கார்பன் 1.15, வனேடியம் 4, நியோபியம் 2, மாலிப்டினம் 2, நைட்ரஜன் 0.2 விழுக்காடு. வனேடியமும் நியோபியமும் கார்பனை முந்திக்கொண்டு பற்றுகின்றன. எஞ்சிய கார்பன், குரோமிய கார்பைடு உருவாகப் போதாத அளவுக்கு, வெப்ப இயக்கவியல் மென்பொருளின் துணையோடு கணக்கிடப்பட்டது. எனவே கடினமாக்கும் வெப்பநிலையில் குரோமியம் முழுவதும் கரைந்துவிடுகிறது. வனேடிய கார்பைடு குரோமிய கார்பைடைவிடக் கடினமானது. குறைந்த அளவில் இருந்தாலும் தேய்மானத்தைத் தாங்கும்.

தயாரிப்பு

உருகிய எஃகை வாயுப் பீச்சலால் நுண்தூளாக்கி, உயர் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கிக் கட்டியாக்குகிறார்கள். ஒவ்வொரு தூள்மணியும் நொடியில் உறைவதால் கார்பைடுகள் பெரிதாக வளர நேரம் கிடைப்பதில்லை.

பண்புகள்

முறையாகப் பதப்படுத்தினால் ராக்வெல் சி அளவில் 60 முதல் 64 வரை கடினம் கிடைக்கும். நொறுங்காத் தன்மையில் இது துருப்பிடிக்கும் கருவி எஃகான சிபிஎம் 4வி-க்கு நெருங்கி நிற்கிறது. அதோடு துருவையும் எதிர்க்கிறது. தேய்மானத் தாங்குதிறனில் மட்டும், 9 விழுக்காடு வனேடியம் கொண்ட எஸ்90வி போன்றவற்றுக்குப் பின்தங்குகிறது.

வெப்பப் பதப்படுத்தல்

சுமார் 1,120 பாகை செல்சியசில் சூடாக்கி, விரைந்து குளிரவைத்து, உறைநிலைக்கு வெகு கீழே ஆற்றி, 175 பாகை அளவில் பதமூட்டுவது வழக்கம். 500 பாகையைத் தாண்டிப் பதமூட்டினால் கரைந்திருந்த குரோமியம் கார்பைடாகப் பிரிந்து, துருவை எதிர்க்கும் ஆற்றல் குறையும்.