படைக்கலச் சட்டமும் பொதுப் பாதுகாப்பும்: 1878 முதல் 1959 வரை

முன்னுரை

படைக்கலங்களைக் கட்டுப்படுத்துவது மக்களைக் காப்பதற்கா, அடக்குவதற்கா என்னும் வினா இந்திய வரலாற்றில் நெடுங்காலமாக எழுந்துவருவதாகும். குடியேற்ற ஆட்சியின் படைக்கலச் சட்டத்தை எதிர்த்தவர்கள், விடுதலைக்குப் பின்னர் உரிம முறையைக் கைவிடவில்லை. இது முரண்பாடுதானா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1878ஆம் ஆண்டுச் சட்டம்

லிட்டன் பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்தபோது இச்சட்டம் இயற்றப்பட்டது. இந்தியர் உரிமமின்றிப் படைக்கலம் தாங்கிச் செல்வது குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கோ விலக்கு அளிக்கப்பட்டது. இந்திய மொழி இதழ்களை ஒடுக்கிய சட்டமும் அதே ஆண்டில் தோன்றியது என்பது குறிப்பிடத்தக்கது. பொதுப் பாதுகாப்பு என்பது அன்று ஆட்சியின் பாதுகாப்பையே குறித்தது எனலாம்.

தேசிய இயக்கத்தின் கோரிக்கை

1887இல் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இச்சட்டத்தைத் திருத்துமாறு கோரியது. கட்டுப்பாடு முழுவதையும் நீக்குமாறு அது கேட்கவில்லை. படைக்கலம் வைத்திருப்பது பொதுவிதியாகவும், மறுப்பது விலக்காகவும் அமைதல் வேண்டும். மறுப்பின் காரணம் எழுத்தில் பதியப்பெற்று வெளியிடப்பெறுதல் வேண்டும் என்றே அது வலியுறுத்தியது. மக்கள்மீது காட்டப்பட்ட ஐயமே அதன் முறையீட்டிற்கு அடிப்படையாகும். 1931ஆம் ஆண்டுக் கராச்சித் தீர்மானத்தின் வழிவந்த உரிமைப் பட்டியலும், விதிமுறைகளுக்கு உட்பட்டே இவ்வுரிமையை ஏற்றது.

அரசியல் நிர்ணய சபை விவாதம்

1948 டிசம்பரில் எச். வி. காமத் இதனை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொணர்ந்தார். கொள்ளையர் போன்றோருக்கும் இவ்வுரிமையை வழங்க இயலுமா என்பதே அம்பேத்கர் எழுப்பிய தடையின் சாரம். திருத்தம் ஏற்கப்படவில்லை. படைக்கலமின்றி அமைதியாகக் கூடும் உரிமையே அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பில் இடம்பெற்றது.

1959ஆம் ஆண்டுச் சட்டம்

1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் துப்பாக்கிக்கான உரிம முறையைத் தொடர்ந்தது. ஆயினும் அதன் அடிப்படையை மாற்றியது. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காட்டி உரிமம் மறுத்தலாகாது, மறுப்பின் காரணத்தை எழுத்தில் பதிதல் வேண்டும், விண்ணப்பித்தவர் கேட்பின் அதனைத் தருதல் வேண்டும், மேல்முறையீட்டிற்கும் வழியுண்டு. எனினும் பொதுநலன் கருதிக் காரணத்தை வெளியிடாதிருக்கவும் அதிகாரிக்கு இடமளிக்கப்பட்டுள்ளது. பின்னர் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகள் மூன்று என வரையறுக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை இரண்டாகக் குறைத்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், தேசிய இயக்கம் எதிர்த்தது கட்டுப்பாட்டை அன்று, காரணம் கூறாத பாகுபாட்டையே என்பது பெறப்படும். எனவே உரிம முறை தொடர்ந்தமையை முரண்பாடு எனல் பொருந்தாது. ஆயின் 1887ஆம் ஆண்டுக் கோரிக்கை முழுமையாக நிறைவேறியது எனவும் கூற இயலாது. வெளியிடப்பெறுதல் வேண்டும் என அன்று கேட்கப்பட்ட காரணம், இன்றும் சில வேளைகளில் மறைத்து வைக்கத்தக்கதாகவே உள்ளது. பொதுப் பாதுகாப்பின் பெயரால் குடிமகனுக்கு ஒன்று மறுக்கப்படும்போது அதன் காரணத்தை அவன் அறிதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.