வண்டி கட்டிய கைகள்

நம் முன்னோர் வண்டியை வாங்கினார்கள் என்பதைவிட, வண்டியைக் கட்டினார்கள் என்பதே பொருத்தமான சொல். புதுக்கோட்டைச் சீமையின் வானம் பார்த்த பூமியில் உழுது வாழ்ந்தவனின் மாட்டுவண்டி எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வரவில்லை. ஊர்த் தச்சர் மரத்தைத் தேர்ந்து குடம் கடைந்தார். குடத்தில் ஆரக்கால்களை அடித்து இறக்கினார். அவற்றின் மேல் வட்டைகளைப் பூட்டிச் சக்கரமாக்கினார். கொல்லர் இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சிச் சக்கரத்தின்மேல் ஏற்றி நீரை ஊற்றினார். சூட்டில் விரிந்த இரும்பு குளிர்ந்து சுருங்கியபோது, தனித்தனியாக நின்ற மரத்துண்டுகள் யாவும் ஒன்றாக இறுகின. நெல் ஏற்ற ஒரு வண்டி, குடும்பம் செல்லக் கூண்டு வண்டி, விரைந்து செல்ல வில்வண்டி என்று தேவைக்கேற்ப வடிவமும் மாறிற்று. ஒவ்வொரு வண்டியும் இன்னாருக்காக என்று கட்டப்பட்டதால், ஒன்றைப்போல் மற்றொன்று இருந்ததில்லை.

இந்த மரபை மனத்தில் கொண்டு நோக்கினால், வீட்டுக் கொட்டகையிலே பழைய கார் ஒன்றைப் பிரித்து, தம் விருப்பப்படி புதிதாகக் கட்டியெழுப்பும் மேனாட்டுப் பழக்கம் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. அவ்வாறு கட்டப்படும் வண்டிகளில் 'ஹாட் ராட்' என்றும் 'ஸ்டேஷன் வேகன்' என்றும் இரு வகைகள் உண்டு. இரண்டும் வெவ்வேறு நோக்கங்களிலிருந்து பிறந்தவை. அந்த நோக்கங்களே நாம் சிந்திக்க வேண்டியவை.

ஸ்டேஷன் வேகன் தன் பிறப்பைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கிறது. இரயில் நிலையத்தில் இறங்கும் பயணிகளையும் அவர்களின் பெட்டி படுக்கைகளையும் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் கொண்டு சேர்க்க எழுந்த வண்டி அது. 1908-இல் வெளிவந்த போர்டு 'டி' வகைக் காரின் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் மட்டும் வாங்கி, அதன்மேல் உள்ளூர்த் தச்சர்கள் மரத்தால் கூடு கட்டினார்கள். வரிசையாக இருக்கைகள், மேலே கூரை, பின்புறம் மூட்டைகளுக்கு இடம். நம் கூண்டு வண்டியிலிருந்து மாட்டை அவிழ்த்துவிட்டு எஞ்சினைப் பூட்டியது போன்ற அமைப்பு! போர்டு நிறுவனம் தானே மரக்கூட்டோடு ஸ்டேஷன் வேகனை விற்கத் தொடங்கியது 1929-இல். அதே 1929-இல்தான் திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்கு இருப்புப்பாதை வந்தது. அடுத்த ஆண்டு அது மானாமதுரை வரை நீண்டது. அமெரிக்க நிலையத்தின் வாயிலில் அந்த மரவண்டி ஆற்றிய பணியை, நம் நிலையங்களின் வாயிலில் மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் ஆற்றின.

ஹாட் ராட் பிறந்த கதை வேறு. 1930-களில் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் பழைய கார்களை ஓட்டி வேகத்தைச் சோதித்தார்கள். 1932-இல் போர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் எஞ்சினை எளியோரும் வாங்கும் விலையில் தந்தபோது அந்த ஆர்வம் பெருகிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்கள் படையில் கற்ற எஞ்சின் அறிவையும் தம்மோடு கொண்டுவந்தார்கள். 1948-இல் இதற்கென்றே ஓர் இதழும் தோன்றியது. அவர்கள் செய்தது பெரும்பாலும் கழித்தல் கணக்கு. சக்கரக் காப்புகளைக் கழற்றினார்கள். எஞ்சின் மூடியைக் கழற்றினார்கள். எடை குறைய எதையெல்லாம் எடுக்கலாமோ அதையெல்லாம் எடுத்தார்கள். ஓட்டுபவன் ஒருவன் இருந்தால் போதும், மற்றவர்க்கு இடம் வேண்டியதில்லை என்ற நிலையும் வந்தது.

ஸ்டேஷன் வேகன் செய்தது கூட்டல் கணக்கு. இன்னும் ஓர் இருக்கை, இன்னும் ஒரு மூட்டைக்கு இடம் என்று அது வளர்ந்தது. மரக்கூடு வெயிலிலும் மழையிலும் நலிந்ததால், பழைய வேகன்கள் பின்னாளில் மலிந்த விலைக்குக் கிடைத்தன. இளைஞர்கள் அவற்றை வாங்கி, வலிய எஞ்சினைப் பொருத்தினார்கள். கூட்டலும் கழித்தலும் ஒரே வண்டியில் சந்தித்தன.

தமிழ் மண்ணிலும் இத்தகைய கைகள் இருந்தன. 1893-இல் கோவையை அடுத்த கலங்கலில் பிறந்த ஜி. டி. நாயுடு, இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்து மீண்டும் சேர்த்தே எஞ்சினின் இரகசியத்தைக் கற்றவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொழில் தொடங்கினார். 1952-இல் ஏறத்தாழ 2,000 ரூபாய் விலையில் இருவர் செல்லக்கூடிய சிறிய காரை உருவாக்கினார். ஆனால் உற்பத்திக்கு அரசின் உரிமம் கிடைக்கவில்லை. முயற்சி அத்தோடு நின்றது. உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் அரிதானபோது, டி. வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் கரிவாயுக் கலன்களைச் செய்து வண்டிகளில் பொருத்தியது. கரியைக் குறைந்த காற்றில் எரித்துப் பெறும் வாயுவால் எஞ்சின் ஓடிற்று. வலிமை குறைந்தாலும் பயணம் நிற்கவில்லை.

கலிபோர்னியாவின் ஏரிப் படுகைக்கு ஈடாக நமக்குச் சோழவரம் அமைந்தது. போர்க்காலத்து விமான ஓடுதளமாகிய அங்கே, 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் பந்தயங்களை நடத்தியது. பட்டறைகளில் மாற்றிக் கட்டிய கார்கள் அங்கே ஓடின. கோவையைச் சேர்ந்த கரிவரதன், எளிய மாருதி எஞ்சினைக் கொண்டே பந்தயக் கார்களை வடிவமைத்துக் கட்டினார். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். அத்தகைய மாருதி எஞ்சின் கார்ப் பந்தயத்தில் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார்.

இவையெல்லாம் பெயர் பெற்றோர் கதைகள். பெயரில்லாத கைகளே மிகுதி. கரூரில் பேருந்துக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் 'பாடி கட்டும்' தொழிலாளரை எண்ணிப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் வெற்று அடிச்சட்டத்தின்மேல் கூடு கட்டும் அவர்களின் தொழில், அன்றைய ஸ்டேஷன் வேகன் தச்சரின் தொழிலேயாகும்.

இக்கைகளின் மாண்பு எங்கிருந்து வருகிறது? நாசரேத்தூரார் இயேசுவைத் தச்சர் என்று ஏளனமாகக் குறிப்பிட்டதை நற்செய்தியாளர் மாற்கு மறைக்காமல் எழுதுகிறார். அங்கு வரும் கிரேக்கச் சொல் மரவேலை செய்பவரை மட்டுமன்றி, கட்டுமானக் கைவினைஞரையும் குறிக்கும். இயேசு கலப்பைகளையும் நுகங்களையும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டின் மறைச்சாட்சியான புனித யுஸ்தீன் எழுதி வைத்திருக்கிறார். சூசையப்பரின் பட்டறையில் உருவான நுகம் ஏதோ ஓர் ஏழை உழவனின் எருதுகளின் கழுத்தில் ஏறியிருக்கும். அது கழுத்தைப் புண்ணாக்காமல் பொருந்துவதே அத்தச்சரின் அறம். மனித உழைப்பைப் பற்றி 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வெளியிட்ட சுற்றுமடலும், உழைப்பின் மதிப்பைச் செய்யப்படும் பொருளில் தேடாமல், அதைச் செய்யும் மனிதரிடம் தேடுமாறு கற்பிக்கிறது. எண்ணெய்க் கறை படிந்த கையைத் தாழ்வாக எண்ணும் கிறிஸ்தவ வீடு, நாசரேத்தூராரின் ஏளனத்தையே மீண்டும் செய்கிறது.

ஆயினும் கைத்திறன் மட்டுமே அறமாகிவிடாது. வண்டியை மாற்றிக் கட்டுபவர் முதலில் அறிய வேண்டிய ஒரு கணக்கு உண்டு. வேகம் இருமடங்கானால், பிரேக்கை மிதித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் இருமடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. எனவே வலிய எஞ்சினை வைப்பவர் அதற்கு ஈடான பிரேக்கையும், சுமை தாங்கும் அச்சையும், முறுக்கைத் தாங்கும் அடிச்சட்டத்தையும் அமைத்தாக வேண்டும். எஞ்சின் ஒருவரின் ஆசைக்கு. பிரேக் எதிரே வருபவரின் உயிருக்கு. தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை விருப்பம்போல் மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கைவினைஞருக்கு இது கசக்கலாம். ஆனால் சாலை என்பது நம் வீட்டுக் கொட்டகையன்று. அங்கே அயலாரின் பிள்ளையும் நடந்து வருகிறான். இரு சக்கர வண்டியின் ஒலியையும் வேகத்தையும் கூட்டி மகிழும் இளைஞரை நம் ஊர்களில் காண்கிறோம். அவர்களுள் சிலருக்கு அடக்கச் சடங்கு நடத்தும் துயரம் பங்குத் தந்தையர்க்கு நேர்கிறது. ஆகவே இதை வெறும் சட்டச் செய்தியாகச் சொல்ல இயலவில்லை.

வண்டியை அன்பின் கருவியாகக் கண்ட ஒரு குருவின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. ஜெர்மானியரான அருட்தந்தை பவுல் ஷுல்ட்டே, அமலமரித் தியாகிகள் சபையைச் சார்ந்தவர். அவருடைய நண்பரான அருட்தந்தை ஓட்டோ புர்மான் 1925-இல் ஆப்பிரிக்க மறைப்பணித் தளத்தில் நோயுற்று இறந்தார். விரைந்து மருத்துவரிடம் கொண்டு செல்ல வண்டி இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்கலாம் என்ற வேதனை ஷுல்ட்டேயை விடவில்லை. 1927-இல் அவர் 'மிவா' என்ற அமைப்பை நிறுவினார். மறைப்பணித் தளங்களுக்குக் காரும் படகும் விமானமும் அளிப்பது அதன் பணியாயிற்று. அவரும் வேகத்தை விரும்பியவரே. ஆனால் அந்த வேகம் பிறரிடம் சென்று சேர்வதற்காக விரும்பிய வேகம்.

நம் மாவட்டத்து ஆவூரில், வீரமாமுனிவர் பணியாற்றிய பெருமையுடைய தலத்தில், 1747-இல் எழுந்த ஆலயம் இன்றும் நிற்கிறது. உயிர்ப்பு விழாக் காலத்தில் அங்கே தேர்த் திருவிழா நடைபெறுகிறது. தேர் இழுக்கும் எந்த ஊரிலும் வடம் பிடிப்போர் பலர். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு நடப்போர் சிலர். எல்லாருடைய கண்ணும் தேரின்மேல் இருக்க, முட்டுக்கட்டைக்காரரின் கண் மட்டும் சக்கரத்தின்மேல் இருக்கும். அவர் தவறினால் தேர் தன்னை இழுத்தவர்மீதே ஏறிவிடும். வண்டி கட்டும் கலையின் முழு அறமும் அந்த மனிதரிடம் அடங்கியிருக்கிறது.

பட்டறையில் தொழில் கற்கும் நம் பிள்ளைகளை வாழ்த்துவோம். அவர்கள் கட்டும் வண்டி எவ்வளவு விரையும் என்று கேட்குமுன், அது எங்கே நிற்கும், அதில் யாருக்கெல்லாம் இடம் உண்டு என்று கேட்கப் பழகுவோம்.