ஆம்ப்ளிஃபயருக்கும் உண்டு ஒரு டேலி

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் தூசி படிந்து கிடக்கின்றனவா? காயலான் கடைக்குப் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள். பல சமயம் ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கும். அதற்குச் சக்தி கொடுத்த ஆம்ப்ளிஃபயர்தான் பழுதாகியிருக்கும். அதை நம் வீட்டு மேஜையிலேயே செய்துகொள்ளும் நிலை எப்படி வந்தது என்பது சுவையான வரலாறு.

ஆம்ப்ளிஃபயரின் வேலை சிறிய மின் சமிக்ஞையை அதே வடிவில் பெரிதாக்குவது. "அதே வடிவில்" என்பதுதான் கஷ்டம். 1906-இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் மூன்று மின்முனை வால்வை உருவாக்கினார். 1915-இல் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குத் தொலைபேசியில் பேசவே முடிந்தது. ஆனால் வழியிலுள்ள ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரும் குரலைக் கொஞ்சம் கெடுத்தது. அடுத்தது அந்தக் கெட்ட குரலையே பெரிதாக்கி, தன் பங்குக்கும் கெடுத்தது. வட்டிக்கு வட்டி ஏறுவது போலத்தான்!

இதற்கு விடை கண்டவர் பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர் ஹரால்ட் பிளாக். 1927 ஆகஸ்ட் 2 அன்று காலை, வேலைக்குப் போக ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது யோசனை தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பக்கத்திலேயே குறித்துக்கொண்டார். வெளியே வரும் ஒலியில் சிறு பகுதியைத் திருப்பி, எதிர்த்திசையில் உள்ளே செலுத்த வேண்டும். உள்ளே வந்ததற்கும் வெளியே போனதற்கும் உள்ள வித்தியாசத்தை ஆம்ப்ளிஃபயரே சரிசெய்துகொள்ளும்.

வங்கியில் மாலையில் கணக்கையும் கையிருப்பையும் ஒப்பிட்டு டேலி செய்வோம். இங்கே அந்த டேலி ஒவ்வொரு கணமும் நடக்கிறது. இதற்குக் கொடுக்கும் விலை, பெருக்கத்தில் பெரும்பகுதியை இழப்பது. வேண்டுமென்றே பெருக்கத்தைக் குறைப்பதா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். 1928-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937 டிசம்பரில்தான் கிடைத்தது.

இந்த முறையை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பிரிட்டனின் டி.டி.என். வில்லியம்சன். 1947 ஏப்ரல், மே மாத 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழ்களில் தம் 15 வாட் ஆம்ப்ளிஃபயரின் முழு வரைபடத்தை வெளியிட்டார். ஒலிச் சிதைவு 0.1 சதவீதத்துக்கும் குறைவு. டிரான்ஸ்பார்மர் சரியில்லையென்றால் திருப்பிவிடும் ஒலியே ஊளையாகிவிடும் என்பதால், அதன் சுற்றுக் கணக்கையும் சேர்த்தே கொடுத்தார். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பல நாட்டு ஆர்வலர்கள் அதைப் பார்த்துத் தாங்களே கட்டினார்கள். நல்ல ஒலி பணக்காரர் வீட்டுக்கு மட்டும் என்ற நிலை மாறியதில் அந்த இரண்டு இதழ்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. பின்னர் பல டிரான்சிஸ்டர்கள் ஒரே சிப்பில் அடங்கின. எட்டுக் கால்களும் விரல்நகம் அளவு உடம்பும் கொண்ட எல்எம்386 சிப் அப்படிப்பட்டது. பிளாக்கின் டேலி அதற்குள்ளேயே நடக்கிறது. சும்மா விட்டால் 20 மடங்கு பெருக்கும். 1, 8 ஆகிய கால்களுக்கு இடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் 200 மடங்கு. 9 வோல்ட் பேட்டரி, 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல், சில கெப்பாசிட்டர்கள், ஒரு ரெசிஸ்டர் போதும். சென்னை ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும். இரண்டு ஸ்பீக்கருக்கு இரண்டு சிப். சத்தம் ஓர் அறைக்குத்தான் வரும். பக்கத்து ஃப்ளாட்டிலிருந்து புகார் வராது!

இரண்டு எச்சரிக்கைகள். பிள்ளைகள் பேட்டரியில் மட்டும் செய்யட்டும். 230 வோல்ட் வேண்டவே வேண்டாம். பழைய வால்வு செட்டுகளில் சுவிட்சை அணைத்த பிறகும் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கலாம், திறக்காதீர்கள். ஹெட்போனில் கேட்பதானால், வால்யூமை முழுக்கக் குறைத்த பிறகே காதில் மாட்டுங்கள்.

இன்று வாங்கும் பல ப்ளூடூத் ஸ்பீக்கர்களைத் திறக்கவே வழியில்லை. பேட்டரி போனால் பெட்டியே குப்பை. "இது எப்படி வேலை செய்கிறது?" என்று பேரப்பிள்ளை கேட்டால் காட்ட நம்மிடம் ஒன்றும் இருப்பதில்லை. இந்த விடுமுறையில் ஒரு சிப்பை வாங்கி, பரணில் உள்ள ஸ்பீக்கரோடு இணைத்து அந்தப் பதிலைக் காட்டுங்கள். பாட்டு கேட்டுவிட்டால் அந்த ஸ்பீக்கர் மறுபடி பரணுக்குப் போகாது.