தென் திருவிதாங்கூர்த் திரையில் சாதியும் பிள்ளைப்பருவமும்: விகதகுமாரன் முதல் வாழை வரை

மலையாளத்தின் முதல் திரைப்படமான 'விகதகுமாரன்' ஒரு பிள்ளையின் கதை. திருவிதாங்கூரின் செல்வக் குடும்பம் ஒன்றிலிருந்து சந்திரகுமார் என்ற சிறுவன் கடத்தப்படுகிறான். இலங்கைத் தோட்டத்தில் கூலியாக வளர்ந்து, படிப்படியாக உயர்ந்து, கடைசியில் குடும்பத்தோடு சேர்கிறான். புராணக் கதைகளே பெரும்பாலும் படமாக்கப்பட்ட மௌனப்பட நாட்களில், சமகாலக் குடும்பக் கதை ஒன்றைத் தேர்ந்தெடுத்தது துணிச்சலான செயல். ஆனால் இப்படம் நினைவுகூரப்படுவது கதைக்காக அல்ல. அதன் நாயகிக்கு நேர்ந்த கொடுமைக்காக.

படம் பிறந்த மண்ணின் சாதி வரலாறு நீளமானது. திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வழியாக நாகர்கோவிலுக்குச் செல்லும் சாலையும், குன்னத்துகால், காரக்கோணம் போன்ற அதன் கிழக்குப்புற ஊர்களும் தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் பகுதி. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் இந்தத் தென் திருவிதாங்கூரில் நடந்து, 1859இல் அரசு ஆணை பெற்றது. 1888இல் நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறத்தில் பிராமணரல்லாத நாராயண குரு சாதி வழக்கத்தை மீறிச் சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தார். புலையர் தலைவரான வெங்கானூர் அய்யன்காளி 1893இல் தம் சாதியினருக்கு இருந்த தடையை மீறி வில்லுவண்டியில் பொதுவழியில் சென்றார். 1910இல் அவர் பஞ்சமி என்ற புலையர் சிறுமியை ஊருட்டம்பலம் பள்ளிக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போனபோது, அவள் பெஞ்சில் உட்கார்ந்ததைப் பொறுக்காதவர்கள் பள்ளிக்கே தீ வைத்தனர். ஒரு சிறுமியின் படிப்பை ஊரே எதிர்த்த இந்நிகழ்ச்சிக்கும் விகதகுமாரனுக்கும் இடையே சுமார் இருபது ஆண்டுகளே இருந்தன.

படத்தை எடுத்த ஜே. சி. டேனியல் (1900–1975) அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த வசதியான கிறிஸ்தவ நாடார் குடும்பத்தவர். சிலம்பத்திலும் களரியிலும் ஈடுபாடு கொண்டவர். சென்னைக்கும் பம்பாய்க்கும் சென்று தொழிலை அறிந்துவந்து, சொந்த நிலத்தை விற்று, திருவனந்தபுரம் பட்டத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு எல்லாவற்றையும் தாமே ஏற்றதோடு நாயகனாகவும் நடித்தார். சிறுவன் வேடம் அவருடைய மகனுக்குக் கிடைத்தது. நாயகி சரோஜினியாக நடிக்க உள்ளூரில் பெண் கிடைப்பது அரிது. பம்பாயிலிருந்து வந்த நடிகையும் ஒத்துவராமல் திரும்பிவிட, காக்காரிசி என்னும் நாட்டார் நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்த பி. கே. ரோசியை டேனியல் தேர்ந்தெடுத்தார். ரோசி தலித் சமூகங்களுள் ஒன்றான புலையர் சமூகத்துப் பெண். சரோஜினியோ நாயர் குலப் பெண் பாத்திரம்.

படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் வெளியானது. 1928 நவம்பர் 7 என்பது நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த நாள். பின்னர் கிடைத்த துண்டறிக்கையைக் கொண்டு, 1930 அக்டோபர் 23 என்பதே சரி என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். தொடக்கிவைத்தவர் வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை. ரோசி உள்ளே இருந்தால் தாங்கள் வரமாட்டோம் என்று ஊர்ப் பிரமுகர்கள் சொன்னதால், தான் நடித்த படத்தின் முதல் காட்சியை அவரால் பார்க்க முடியவில்லை என்பதே பரவலாக வழங்கும் செய்தி. அவர் கூந்தலில் சூடிய பூவை நாயகன் முத்தமிடும் காட்சி வந்ததும் கூட்டம் கொதித்தெழுந்தது. கல்வீச்சில் திரை கிழிந்தது. அடுத்து ரோசியின் குடிசை எரிக்கப்பட்டது. நாகர்கோவில் பக்கம் போகும் லாரி ஒன்றில் ஏறி அவர் தப்பினார். அதன் ஓட்டுநர் கேசவப் பிள்ளையையே மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் எஞ்சிய வாழ்நாளைத் தமிழ்நாட்டில் கழித்தார். மீண்டும் அவர் நடிக்கவே இல்லை.

டேனியலின் வீழ்ச்சியும் அப்போதே தொடங்கிவிட்டது. கடனில் மூழ்கி நிறுவனத்தை இழந்து, பல் மருத்துவம் பார்த்துப் பிழைத்தார். படச்சுருள் எதுவும் எஞ்சவில்லை. 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலும் அகஸ்தீஸ்வரம் சென்னை மாநிலத்திலும் அமைந்தன. பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் முதியவரான டேனியலைத் தேடிக் கண்டு அவருக்காக வாதாடியும், அவர் தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்லிக் கேரள அரசு உதவித்தொகையை மறுத்தது. அவர் பெயரில் விருது ஏற்பட்டது 1992இல்தான். அப்போதும் ரோசியைப் பற்றிப் பேசியவர் மிகச் சிலரே.

சாதியைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்த முதல் பெரிய மலையாளப் படம் 1954இல் பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும் இயக்கிய 'நீலக்குயில்'. உயர்சாதி ஆசிரியர் ஸ்ரீதரன், நீலி என்ற தலித் பெண்ணைக் காதலித்துக் கைவிடுகிறார். அவள் இறந்துபோக, அனாதையான குழந்தையைத் தபால்காரர் சங்கரன் நாயர் ஊரின் ஏச்சைப் பொருட்படுத்தாமல் வளர்க்கிறார். மோகன் என்ற அந்தச் சிறுவனைத் தன் மகன் என்று ஆசிரியர் ஒப்புக்கொள்வதுதான் முடிவு. படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. ஸ்ரீதரனாக நடித்த சத்யன் திருவனந்தபுரத்துக் கிறிஸ்தவ நாடார். நீலியாக நடித்த மிஸ் குமாரியோ தலித் அல்லர். தலித் பெண் நாயர் பெண்ணாகத் தோன்றியபோது திரையைக் கிழித்த சமூகம், தலித் பாத்திரத்தில் வேறொருவர் நடித்தபோது கண்ணீர் விட்டுக் கைதட்டியது. நீலக்குயிலின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. இரங்கத்தக்கவளாக மட்டுமே நீலிக்கு அதில் இடம் கிடைத்தது என்பதையும் மறைக்க இயலாது.

ரோசியின் மீட்சி இந்த நூற்றாண்டில் நிகழ்ந்தது. வினு ஆபிரகாமின் 'நஷ்டநாயிகா' நாவல் 2008இல் வந்தது. அதையும் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் எழுதிய டேனியல் வரலாற்றையும் தழுவி, கமல் இயக்கிய 'செல்லுலாய்ட்' 2013இல் திரைக்கு வந்து, கேரள அரசின் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது. அதிலும் மையம் டேனியல்தான். ரோசியைத் தனித்து முன்னிறுத்தியவை பின்வந்த அமைப்புகள்: 2019இல் மலையாளப் பெண் கலைஞர்களின் கூட்டமைப்பு அவர் பெயரில் திரைப்படச் சங்கம் தொடங்கியது, சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது.

யார் யாராக நடிப்பது என்ற கேள்வி அண்மைய பிள்ளைப்பருவப் படங்களில் வேறு வடிவம் கொண்டுள்ளது. நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படமான 'ஃபன்ட்ரி'யில், பன்றி பிடிக்கும் குடும்பத்துச் சிறுவன் ஜப்யாவாக நடித்தவர் ஊரில் ஹல்கி மேளம் அடித்துக்கொண்டிருந்த சோம்நாத் அவ்கடே. தேசிய விருதும் பெற்றார். மாரி செல்வராஜின் 'வாழை' (2024), ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் பள்ளி விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கப் போகும் சிறுவன் சிவனைந்தனின் கதை. இயக்குநரின் சொந்தப் பிள்ளைப்பருவத்திலிருந்து எழுந்தது. இங்கே ஊரின் ஒடுக்குமுறையைச் சொல்பவர் இரக்கப்படும் ஆசிரியரோ தபால்காரரோ அல்லர். தார் சுமந்து கழுத்து நோகும் அந்தப் பையனே.