இலங்கையின் பெயர் பூண்ட குடற்புழு

இலங்கையின் பழம் பெயரான சிலோன் என்பதைத் தன் பெயரிற் கொண்டு மருத்துவ நூல்களில் இடம்பெற்ற கொளுக்கிப்புழு ஒன்றுண்டு. அங்கைலோஸ்டோமா சிலானிக்கம் என்பது அதன் பெயர். நாய், பூனை ஆகியவற்றின் குடலில் வாழ்ந்து குருதியை உண்ணும் இப்புழுவின் வரலாறு, வீட்டு விலங்கின் நலமும் வீட்டாரின் நலமும் ஒன்றே என்பதை உணர்த்துவதாகும்.

கெய்ரோவிற் பணியாற்றிய ஜேர்மானிய அறிஞர் ஆர்தர் லூஸ், 1898ஆம் ஆண்டளவில் கொளுக்கிப்புழுக் குடம்பிகள் நிறைந்த நீரைத் தற்செயலாகத் தம் கையிற் சிந்திக்கொண்டார். கை அரித்தது, சில வாரங்களின் பின் அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டைகள் காணப்பட்டன. குடம்பிகள் தோலைத் துளைத்து உடலுட் புகும் என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. அவரே 1911இல், இலங்கையிற் பெறப்பட்ட புனுகுப்பூனையொன்றின் குடலிலிருந்து மேற்கூறிய புழுவை விவரித்துப் பெயரிட்டார். 1913இல் கிளேட்டன் லேன் என்பார் அதனை இந்தியாவில் மனிதரிடத்தும் கண்டார். எனினும், பிரேசிலில் விவரிக்கப்பட்ட வேறோர் இனமும் இதுவும் ஒன்றே எனப் பலரும் நெடுங்காலம் மயங்கினர். 1951இல் பியோக்கா இரண்டும் வேறெனத் தெளிவாக்கினார்.

இதற்கிடையே, 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் இலங்கைத் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. தைமோல் முதலிய மருந்துகளால் தொழிலாளரின் குடலிலிருந்து புழுக்கள் அகற்றப்பட்டன. ஆயினும் மலசலகூட வசதியற்ற இடங்களில், வெறுங்காலுடன் நடந்தோரை நோய் மீண்டும் பற்றிற்று. மருந்து குடலைத் தூய்மை செய்யும். நிலத்தைத் தூய்மை செய்யாது என்பதே அவ்வியக்கம் புகட்டிய பாடம்.

மனிதரின் மலத்தைக் காப்பதோடு அப்பாடம் முடியவில்லை. அண்மைக்கால மரபணுச் சோதனைகள், ஆசியாவின் பல பகுதிகளில் சிலானிக்கம் மனிதரிடத்துப் பரவலாக உள்ளதைக் காட்டியுள்ளன. மனிதருக்கு மட்டும் மருந்தூட்டி நாயை மறந்தால், முற்றத்து மண்ணில் முட்டைகள் மீண்டும் பெருகும்.

புளியங்கூடல் போன்ற தீவகத்து ஊர்களிலும் நாய் படுக்கும் நிழலிலேயே பிள்ளையும் விளையாடுகின்றது. ஆதலின் நாய்க்கும் பூனைக்கும் கால்நடை வைத்தியர் குறிக்கும் அளவிற் காலந்தவறாது புழுமருந்து கொடுத்தல், அவற்றின் மலத்தை அன்றன்றே அகற்றிப் புதைத்தல், பிள்ளைகளுக்குக் காலணி அணிவித்தல், உண்ணுமுன் கைகழுவுவித்தல் ஆகிய நான்கும் ஒருங்கே வேண்டும். வாயில்லாச் சீவனுக்குச் செய்யும் வைத்தியம் வீட்டுப் பிள்ளைக்கும் காவலாகும்.