உதட்டின்மேல் ஒரு விரல்

பிரெஞ்சு தேசத்தைப் பதினைந்தாம் லூயி ஆண்ட காலம் அது. 1767-ஆம் ஆண்டில் ஒரு பிரபு, துவாயென் என்ற ஓவியரை அழைத்து, விசித்திரமான ஒரு வேண்டுகோள் விடுத்தார். தம்முடைய காதலி ஊஞ்சலாட வேண்டும். அந்த ஊஞ்சலை ஒரு பிஷப் ஆட்ட வேண்டும். அவளுடைய கால்கள் கண்ணில் படும் இடத்தில் தாம் இருக்க வேண்டும்!

அப்போதுதான் ஒரு புனிதவதியின் படத்தால் புகழ் பெற்றிருந்த துவாயென் திகைத்துப் போனார். ஃபிராகொனாரிடம் போகும்படி சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

ஃபிராகொனார் தயங்கவில்லை. பிஷப்பை மட்டும் சாதாரணக் கிழவராக மாற்றிவிட்டு, 'ஊஞ்சல்' என்ற அழியாத சித்திரத்தை எழுதி முடித்தார்.

உயரம் 81 சென்டிமீட்டர்தான். போர்க்களமும் பட்டாபிஷேகமும் கொள்ளாத அளவு. ஆனால் ஒரு ரகசியத்துக்கு இதற்குமேல் இடம் எதற்கு? ரொகோகோ ஓவியர்கள் அந்தரங்கத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்; ஜாடையாகத்தான் சொல்வார்கள். ரோஜாநிற ஆடை அணிந்த நங்கை மேலே பறக்கிறாள். அவள் காலிலிருந்து ஒரு செருப்பு கழன்று பறக்கிறது. கழன்றது செருப்பு மட்டுமா? நாணமுந்தான். கீழே மலர்ப்புதரில் சாய்ந்தபடி காதலன் அண்ணாந்து பார்க்கிறான். பின்னால், நிழலில், கிழவர் ஒன்றும் அறியாமல் கயிற்றை இழுக்கிறார். விசுவாசத்துக்கு அடையாளமான நாய்க்குட்டி அவர் பக்கத்தில் நின்று குரைக்கிறது. இடப்புறம் மன்மதனின் கற்சிலை. அவன் விரல் உதட்டின்மேல் இருக்கிறது.

யாரை எச்சரிக்கிறான் அவன்? காதலர்களை மட்டும் அல்ல. படத்தைப் பார்க்கும் நம்மையுந்தான். முதலில் நானும் சிரித்தேன். பிறகு, சிரித்த கணத்திலேயே நானும் அந்தச் சூதில் பங்காளி ஆகிவிட்டேன் என்று உணர்ந்தபோது, சிரிப்பு அடங்கிவிட்டது. பிறர் உழைப்பில் ஆடிய ஊஞ்சல் அல்லவா அது?

1789-இல் புரட்சி வெடித்தது. பிரபுக்களின் உலகம் சரிந்தது. அவர்களை நம்பி வாழ்ந்த ஃபிராகொனார், 1806-இல் பாரிஸில், ஏறக்குறைய மறக்கப்பட்டவராக இறந்தார். சித்திரமோ 1865-இல் ஹெர்ட்ஃபோர்டு பிரபுவின் கைக்கு வந்து, இன்று லண்டன் வாலஸ் காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தப் பிரபு யார், அந்த நங்கை யார் என்று இன்றுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. கல் மன்மதன் வாக்குத் தவறவில்லை. நாய்க்குட்டி மட்டும் இன்னமும் குரைத்துக்கொண்டிருக்கிறது. கிழவர் கயிற்றை விடவில்லை.